ஒரே ரத்தத்துக்கு இரண்டு டைட்டர் எண்கள் வந்தால் எதை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொண்டு பதிலைத் தொடங்குகிறேன். சிறுநீரகம் செயலிழந்த உங்கள் தம்பிக்கு ரத்த வகை ஓ பாசிட்டிவ். சிறுநீரகம் தர முன்வந்திருக்கும் உங்களுக்கு ஏ பாசிட்டிவ். ரத்த வகை பொருந்தாவிட்டாலும் மாற்று அறுவை செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்லி, ஏ வகைக்கு எதிரான எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) டைட்டரை, அதாவது அது எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் எண்ணை, பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆய்வகத்தில் 1:64 என்று வந்த எண், இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில் 1:256 என்று வந்திருக்கிறது. அதற்குள் நான்கு மடங்கு கூடிவிட்டதா, அல்லது ஓர் ஆய்வகம் தவறு செய்துவிட்டதா, எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் அறுவைக்குப் போகலாம், அறுவைக்குப் பின் அந்த எண் மறுபடி ஏறினால் சிறுநீரகம் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பலவானாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: டைட்டர் என்று அறிக்கையில் அச்சாகி வரும் அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது, அதன் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பது.

நான் ரத்தமாற்று மருத்துவத் துறையில் பயின்று, பல ஆண்டுகளாக ரத்த வங்கியிலும் அதை ஒட்டிய ஆய்வகத்திலும் இந்தப் பரிசோதனையைச் செய்தும் செய்வித்தும் வருகிறேன். ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உங்கள் தம்பிக்கு அறுவை செய்யலாமா என்பதை மட்டும் நான் சொல்ல முடியாது. அதை அவருடைய இதயம், நோய்த்தொற்று வரலாறு, மற்ற எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் சிறுநீரக மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்களிடம் போய் அமரும்போது சரியான கேள்விகளைக் கேட்க இந்தப் பதில் உதவினால் போதும்.

ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் விவரித்தார். ஏ, பி என்று நாம் சொல்பவை சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனிகள். ஏ வகையில் அந்த நுனியில் ஒரு சர்க்கரை, பி வகையில் வேறொரு சர்க்கரை, ஓ வகையில் இரண்டும் இல்லை. இதே போன்ற சர்க்கரைகள் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிலும் இருக்கின்றன. குழந்தை பிறந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருளை அதன் உடல் செய்யத் தொடங்கிவிடுகிறது. உங்கள் தம்பி ஒருமுறைகூட ஏ வகை ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓ வகைக்காரர் என்பதாலேயே ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள் அவர் ரத்தத்தில் இருக்கும். அது யாருடைய தவறும் அல்ல, நோயும் அல்ல.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்தச் சர்க்கரைகள் சிவப்பணுவில் மட்டும் இல்லை. சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களுக்கு உள்பக்கமாக விரிந்திருக்கும் மெல்லிய செல் படலத்திலும் இருக்கின்றன. எந்த முன்னேற்பாடும் இல்லாமல் உங்கள் சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினால், அவருடைய எதிர்ப்பொருள்கள் அந்தப் படலத்தில் போய் ஒட்டி, காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொடரைத் தூண்டிவிடும். நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிறுநீரகம் போய்விடலாம். 1950களிலும் 60களிலும் நடந்த முயற்சிகளில் பல இப்படித்தான் முடிந்தன. அதனால் நெடுங்காலம் ரத்த வகை பொருந்தாமை என்பது கடக்கக் கூடாத கோடாகவே இருந்தது.

எதிர்ப்பொருள்களில் இங்கே நமக்கு இரண்டு வகை முக்கியம். ஐ.ஜி.எம். என்பது உருவத்தில் பெரியது; ஐந்து அலகுகள் சேர்ந்தது; ஒரே மூலக்கூறு பல சிவப்பணுக்களைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும்; பெரும்பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே தங்கியிருக்கும். ஐ.ஜி.ஜி. சிறியது, பாதிக்கும் மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே திசுக்களில் பரவியிருக்கும். ஏ அல்லது பி வகைக்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஐ.ஜி.எம்.; ஓ வகைக்காரர்களிடம் ஐ.ஜி.ஜி.யும் கணிசமாக இருக்கும். உங்கள் தம்பி ஓ வகை என்பதால் அவருக்கு இரண்டையும் தனித்தனியே அளந்து சொல்ல வேண்டும். அறிக்கையில் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால், அது எதன் எண் என்று கேளுங்கள்.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். நோயாளியின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தில் அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதியை, உப்புக்கரைசலில் சரிபாதியாகக் கலக்கிறோம், அது 1:2. அதிலிருந்து பாதியை எடுத்து மறுபடி சமஅளவு உப்புக்கரைசலில் கலந்தால் 1:4. இப்படியே 1:8, 1:16, 1:32 என்று ஒவ்வொரு குழாயிலும் முந்தையதில் பாதிச் செறிவு இருக்கும்படி வரிசையாக நீர்க்கச் செய்கிறோம். பிறகு ஒவ்வொரு குழாயிலும் ஏ வகைச் சிவப்பணுக்களைச் சேர்த்து, அறை வெப்பத்தில் வைத்து, சுழற்றி, மெதுவாக ஆட்டிப் பார்க்கிறோம். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டியாவது கண்ணுக்குத் தெரிகிற கடைசிக் குழாய் எதுவோ, அதன் எண்தான் டைட்டர். இது ஐ.ஜி.எம். பார்க்கும் வழி. ஐ.ஜி.ஜி.க்கு, குழாய்களை 37 டிகிரியில் வைத்து, அணுக்களை மூன்று நான்கு முறை கழுவி, மனித எதிர்ப்பொருளையே பிடிக்கும் கூம்ஸ் திரவத்தைச் சேர்த்து, மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த விவரத்தை இவ்வளவு எழுதியதற்குக் காரணம், டைட்டர் என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை கிராம் என்பது போன்ற அளவு அல்ல என்பதை நீங்கள் கண்ணால் பார்ப்பது போல உணர வேண்டும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, ஹீமோகுளோபின் இவற்றில் வரும் எண் ஒரு பொருளின் அளவு. டைட்டரில் வருவது, எத்தனையாவது படி வரை நீர்க்கச் செய்த பிறகும் கட்டி தெரிந்தது என்னும் படியின் பெயர். மோரில் சரிபாதி தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய், எத்தனையாவது தடவையில் புளிப்பு தெரியாமல் போகிறது என்று இரண்டு பேரைக் கேட்டால், நாக்கு கூர்மையானவர் இன்னும் ஒரு தடவை தள்ளிச் சொல்வார். மோர் அதே மோர்தான். ஆக, 1:64க்கும் 1:256க்கும் இடையில் இருப்பது இரண்டு படிகள். மடங்கு என்று பார்த்தால் நான்கு. பரிசோதனையின் கணக்கில் இரண்டு.

ஒரே ஆய்வகத்தில், ஒரே மாதிரியை, ஒரே நாளில், ஒரே தொழில்நுட்பர் இரண்டு முறை செய்தாலே ஒரு படி மேலோ கீழோ வரலாம். அது பிழையே அல்ல. இந்த முறையின் இயல்பான நடுக்கம். ஆகவே 1:32 என்பது 1:64 ஆனதைக் கண்டு கவலைப்படவோ, 1:64 என்பது 1:32 ஆனதைக் கண்டு மகிழவோ கூடாது என்று எங்கள் இளம் மருத்துவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரண்டு படி நகர்ந்தால்தான், அதுவும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் நகர்ந்தால்தான், உடலில் ஏதோ மாறியிருக்கிறது என்று எண்ணத் தொடங்க வேண்டும்.

ஆய்வகம் மாறினால் வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. முதல் காரணம் முறை. மேலே சொன்னது சோதனைக்குழாய் முறை. இப்போது பல இடங்களில் ஜெல் கார்டு வந்துவிட்டது: சிறு சிறு குழல்களில் ஜெல் நிரப்பிய பிளாஸ்டிக் அட்டை அது. கட்டியான அணுக்கள் சுழற்றும்போது மேலேயே தங்கிவிடும், தனித்த அணுக்கள் அடியில் போய்ப் படியும். இதில் கழுவும் வேலை இல்லாததால் பலவீனமாக ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள் கழுவலில் போய்விடுவதில்லை. சிறு கட்டிகளும் தப்பாமல் தெரியும். அதனால் ஜெல் முறை பெரும்பாலும் குழாய் முறையைவிட ஒன்று அல்லது இரண்டு படி கூடுதலாகக் காட்டும். உங்கள் ஊர் ஆய்வகம் குழாயிலும் மருத்துவமனை ஜெல்லிலும் செய்திருந்தால், உங்கள் 1:64, 1:256 என்னும் வேறுபாடு முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். தம்பியின் உடலில் எதுவுமே மாறாமலும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது காரணத்தை மருத்துவர்களே சில நேரம் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கூம்ஸ் முறையில் ஐ.ஜி.ஜி. பார்க்கும்போது, ஏற்கெனவே இருக்கும் ஐ.ஜி.எம். தானாகவே அணுக்களைக் கட்டியாக்கி, ஐ.ஜி.ஜி.யின் கணக்கில் சேர்ந்துவிடும். இதைத் தவிர்க்க, டைதயோத்ரைட்டால் என்னும் வேதிப்பொருளை, சுருக்கமாக டி.டி.டி., பிளாஸ்மாவில் முதலிலேயே சேர்த்து ஐ.ஜி.எம். மூலக்கூறின் இணைப்புகளை உடைத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாத ஆய்வகம் ஐ.ஜி.ஜி. என்று எழுதித் தரும் எண் இரண்டும் கலந்த எண்ணாக இருக்கலாம். டி.டி.டி. சேர்த்தார்களா என்று நீங்கள் கேட்டால் ஆய்வகத்தில் சற்று வியப்பார்கள்; ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தச் சிவப்பணுவைப் பயன்படுத்தினார்கள் என்பது முக்கியம். ஏ வகைக்காரர்கள் எல்லாரிடமும் ஏ சர்க்கரை ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. அணுக்கரைசலின் செறிவு, வைத்திருந்த நேரம், ஒவ்வொரு படிக்கும் பிப்பெட்டின் நுனியை மாற்றினார்களா என்பது, மிகப் பலவீனமான கட்டியைக் கணக்கில் எடுத்தார்களா விட்டார்களா என்பது என ஒவ்வொன்றும் ஒரு படியைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. இது வெறும் ஊகமன்று. ஜப்பானில் 29 மையங்களுக்கு ஒரே மாதிரிகளை அனுப்பிச் செய்த ஆய்வுகள் 2006இல் வெளியாயின. ஒரே ரத்தத்துக்குப் பல படிகள் தள்ளிய விடைகள் வந்திருந்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் மூன்று மையங்களை ஒப்பிட்டபோதும் அதே நிலைதான். அனுபவமும் வசதியும் மிக்க இடங்களிலேயே அப்படியென்றால், உங்கள் இரண்டு ஆய்வகங்களில் யாரையும் குறை சொல்ல நான் துணியமாட்டேன்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: இரண்டு எண்களும் அவற்றுக்குரிய முறையில் சரியாகவே இருக்கலாம்; ஆனால் ஒன்றோடொன்றை ஒப்பிடக் கூடாது. இன்று முதல் எல்லா டைட்டரும் அறுவை நடக்கப்போகும் இடத்தின் ஆய்வகத்திலேயே, ஒரே முறையில் பார்க்கப்பட வேண்டும். முந்தைய மாதிரியில் ஒரு பகுதியை உறைய வைத்து, புதிய மாதிரியோடு அருகருகே வைத்துச் செய்யும் வழக்கம் நல்ல ஆய்வகங்களில் உண்டு. அப்படிச் செய்தால் அன்றைய அணுக்கள், அன்றைய திரவம், அன்றைய கண் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகிவிடுவதால், மாறியது நோயாளியா பரிசோதனையா என்பது தெளிவாகிவிடும். இந்த ஒரு வழக்கத்தை விலை உயர்ந்த எந்தக் கருவியைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

இதோடு நிற்கவில்லை. எண் சரியாகவே வந்தாலும் அது அளப்பது சிவப்பணுவோடு ஒட்டும் எதிர்ப்பொருளை. நமக்கு வேண்டியதோ சிறுநீரகக் குழாயின் படலத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருள். ஏ, பி சர்க்கரைகள் உட்கார்ந்திருக்கும் சங்கிலிகளில் பல வகைகள் உண்டு. சிறுநீரகத்தின் உட்படலத்தில் பெரும்பாலும் இரண்டாம் வகைச் சங்கிலிதான். சிவப்பணுவில் அதோடு வேறு வகைகளும் இருக்கின்றன. ஆகவே சிறுநீரகத்துக்குத் தீங்கே செய்யாத சில எதிர்ப்பொருள்களும் நம் குழாயில் கட்டியை உண்டாக்கி எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். இதனால்தான் சர்க்கரைச் சங்கிலிகளைத் தனித்தனியாகச் சில்லுகளில் பதித்து அளக்கும் முறைகளையும், லேசர் ஒளியில் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையையும் ஜப்பான், கனடா, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். கொள்கை அளவில் அவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுவை முடிவுகளை எந்த எண்ணில் எடுப்பது என்பதற்கான அனுபவம் முழுவதும் பழைய முறையின் எண்களில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே அன்றாட மருத்துவத்தில் இன்னமும் குழாயும் ஜெல்லும்தான் ஆள்கின்றன.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டிய ஒரு பரிசோதனை இருக்கிறது. ஏ வகையில் ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. ஏ2 வகைக்காரரின் சிறுநீரகத்தில் ஏ சர்க்கரை மிகக் குறைவு. எதிர்ப்பொருளுக்குப் பிடிமானம் குறைவு என்பதால் அத்தகைய சிறுநீரகத்தை ஓ வகைக்காரருக்குப் பொருத்துவது எளிதாகிறது. ஐரோப்பியரில் ஏ வகையினரில் சுமார் 20% ஏ2. நம்மிடையே அதைவிடக் குறைவு. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது, செலவும் மிகச் சிறிது. ஏ1ஐக் கண்டறியப் பயன்படும் திரவம் நம் வீடுகளில் அவித்துத் தின்னும் கொள்ளின் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் இந்தக் குணத்தை 1951இல் இந்தியாவில் பணியாற்றிய பேர்டு என்னும் மருத்துவர் அறிவித்தார். இன்று உலகின் ரத்த வங்கிகள் எங்கும் அது இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி, எந்த எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டும் என்ற கேள்வி. இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். ரத்த வகை பொருந்தாத மாற்றைத் திட்டமிட்டு வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் பெல்ஜியத்தின் கி அலெக்சாந்த்ர். 1982 முதல் அவர் நோயாளியின் பிளாஸ்மாவை மாற்றி (எதிர்ப்பொருள் உள்ள பிளாஸ்மாவை எடுத்துவிட்டு ஈடாக வேறு திரவம் ஏற்றி), மண்ணீரலை அகற்றி, பிறகு சிறுநீரகத்தைப் பொருத்தினார். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெறுவதற்கு ஜப்பானில் 1997 வரை சட்டமே இல்லை. உயிரோடிருக்கும் உறவினர்தான் முக்கிய வழி என்ற நிலையில் அங்கே 1989 முதல் இந்த அறுவை பெருகி, இன்று உலகிலேயே மிக அதிக அனுபவம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 2001 முதல் மண்ணீரலைத் தொடாமல், எதிர்ப்பொருள் செய்யும் செல்களாக வளரும் பி செல்களை ஒழிக்கும் ரிட்டக்சிமாப் மருந்தும், ஏ அல்லது பி எதிர்ப்பொருளை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் வடிகலமும் கொண்டு செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் நாட்டில் பின்பற்றப்படும் வழியும் இந்த மரபிலிருந்து வந்ததுதான்.

அறுவை நாளன்று இருக்க வேண்டிய எண் என்று சில மையங்கள் 1:8 என்கின்றன, சில 1:16, சில 1:32 வரை ஏற்கின்றன. இந்த வேறுபாட்டைக் கண்டு ஒருவர் கண்டிப்பானவர், மற்றவர் துணிச்சல்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். குழாய் முறையில் 1:8 என்பவரும் ஜெல் முறையில் 1:32 என்பவரும் ஏறக்குறைய ஒரே அளவு எதிர்ப்பொருளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம். எல்லா இடத்துக்கும் பொதுவான ஒற்றை எண் இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே இன்னொரு மருத்துவமனையில் இன்னாருக்கு 1:32இல் செய்தார்களே என்று கேட்டுவந்து உங்கள் மருத்துவரோடு வாதிடுவதில் பயனில்லை. அவருடைய ஆய்வகத்தின் எண்ணோடு அவருடைய வரம்பு பிணைந்தது.

1:256இலிருந்து 1:8க்கு இறங்க ஐந்து படிகள். ஒருமுறை உடலின் முழு பிளாஸ்மா அளவை மாற்றினால் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் எதிர்ப்பொருளில் சுமார் 63% வெளியேறும்; அதாவது ஒரு படிக்குச் சற்று மேல். ஆனால் ஐ.ஜி.ஜி.யின் பெரும்பகுதி வெளியே திசுக்களில் இருப்பதால், ஓரிரு நாளில் அது குழாய்க்குள் திரும்பி வந்து எண்ணை மறுபடி உயர்த்தும். அதனால் நடைமுறையில் ஓர் அமர்வுக்கு ஒரு படி என்று எதிர்பார்ப்பது நியாயமானது. சிலருக்கு அதுவும் கிடைக்காது. அமர்வு முடிந்த உடனே எடுத்த மாதிரியில் எண் மிகக் குறைவாக இருக்கும்; மறுநாள் காலை எடுத்ததில் கூடியிருக்கும். எந்த நேரத்து மாதிரி என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். என்னைக் கேட்டால், மறுநாள் காலை எண்தான் உண்மைக்கு அருகில் இருப்பது.

பிளாஸ்மா மாற்றும்போது ஈடாக ஏற்றுவது அல்புமின் என்னும் ரத்தப் புரதக் கரைசலாகவோ பிளாஸ்மாவாகவோ இருக்கலாம். பிளாஸ்மா என்றால் அது ஏபி வகையாக, அல்லது உங்கள் வகையான ஏ வகையாக இருக்க வேண்டும். ஓ வகைக்காரர்தானே என்று ஓ பிளாஸ்மாவை ஏற்றினால் எடுத்த எதிர்ப்பொருளையே திரும்ப ஊற்றியதாகிவிடும். சிவப்பணு தேவைப்பட்டால் அவருக்கு எப்போதும் ஓ வகைதான். அல்புமின் மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தால் ரத்தம் உறைய வைக்கும் புரதங்கள் குறைந்து அறுவையில் ரத்தக்கசிவு கூடும். ஆகவே கடைசி அமர்வில் பிளாஸ்மா கொடுப்பது வழக்கம். ஐ.வி.ஐ.ஜி. என்னும் எதிர்ப்பொருள் ஊசி மருந்தையும் சில மையங்கள் தருகின்றன. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து செய்யப்படுவதால் அதிலேயே ஏ, பி வகைகளுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. உண்டு; அதைக் கொடுத்த மறுநாள் டைட்டர் ஒரு படி ஏறியிருந்தால் முதலில் அதைத்தான் ஐயப்பட வேண்டும்.

தொடக்கத்தில் 1:256 என்பது அறுவைக்குத் தடை அல்ல. 1:512, 1:1024 என்று தொடங்கியவர்களும் வெற்றிகரமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அமர்வுகள் கூடும், செலவு கூடும், மீண்டும் ஏறும் வாய்ப்பும் கூடும். பல அமர்வுகளுக்குப் பிறகும் இறங்காமல் அடம்பிடிக்கும் டைட்டர் எனக்குத் தொடக்க எண்ணைவிடக் கூடுதல் கவலை தரும். அந்த நிலையில், ஏன், அதற்கு முன்பேகூட, ஸ்வாப் எனப்படும் இணை மாற்று முறையைக் கேட்டுப் பாருங்கள். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம், பொருந்தாத இரண்டு குடும்பங்களின் நெருங்கிய உறவினர்கள் தம் கொடையை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஓ வகைப் பெறுநருக்கு இணை கிடைப்பது மற்றவர்களைவிடக் கடினம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓ வகைக் கொடையாளர் பெரும்பாலும் யாருக்கும் நேரடியாகவே பொருந்திவிடுவதால் ஸ்வாப்புக்கு வருவது அரிது.

அறுவைக்குப் பின் எண் ஏறினால் என்ன ஆகும் என்ற உங்கள் கடைசிக் கேள்விதான் இந்தத் துறையின் மிக வியப்பான பகுதி. முதல் இரண்டு வாரம் ஆபத்தான காலம். அப்போது நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்ட ஒருநாள் டைட்டர் பார்ப்பார்கள். முதல் வாரத்தில் 1:8க்கும் இரண்டாம் வாரத்தில் 1:16க்கும் மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும் மையங்கள் உண்டு. அதற்குப் பிறகு எதிர்ப்பொருள் பலருக்கும் ஓரளவு திரும்பி வருகிறது. ஆனாலும் சிறுநீரகம் கெடுவதில்லை. எதிர்ப்பொருள் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, சிறுநீரகத் திசுத்துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் எதிர்ப்பொருள் ஒட்டியதற்கு அடையாளமான சி4டி படிவும் பெரும்பாலோருக்குத் தெரிகிறது. இருந்தும் திசு சேதமில்லாமல் வேலை செய்கிறது. இதை இணக்கம் என்கிறோம். குழாயின் உட்படலச் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் புரதங்களைக் கூட்டிக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம். அது மட்டுமே முழு விளக்கம் என்று யாரும் நிறுவிவிடவில்லை. நிகழ்வு உறுதி, காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஆகவே அறுவைக்குப் பின் டைட்டரைத் தனியாகப் படிக்கக் கூடாது. மூன்றாம் மாதம் 1:64 என்று வந்து, கிரியாட்டினின் நிலையாக, சிறுநீர் நன்றாக இருந்தால் நான் பதறமாட்டேன். ஐந்தாம் நாள் 1:8இலிருந்து 1:32 ஆகி, சிறுநீர் குறைந்து, கிரியாட்டினினும் ஏறினால், எண் சிறிதாக இருந்தாலும் அது அவசரம். பயாப்சியும் உடனடிப் பிளாஸ்மா மாற்றமும் பேசப்பட வேண்டிய நேரம் அது.

பலன்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் முடிவெடுக்கும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2018, 2019 ஆண்டுகளில் வெளியான தொகுப்புகள், முதல் சில ஆண்டுகளில் ரத்த வகை பொருந்திய மாற்றைவிட இதில் விளைவு சற்றுக் குறைவு என்றும், தொற்றும் ரத்தக்கசிவும் கூடுதல் என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல இடைவெளி சுருங்குகிறது என்றும் காட்டுகின்றன. எதிர்ப்பொருளை அடக்கும் மருந்துகளே தொற்றுக்கும் வாசலைத் திறந்துவிடுகின்றன. எண்ணை இன்னும் ஒரு படி இறக்குவதற்காக இன்னும் இரண்டு அமர்வு என்று போகும்போதெல்லாம் அந்தக் கூடுதல் ஆபத்தையும் தராசில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதில் என்னோடு வேறுபடும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. டைட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளை, அதாவது பிறருடைய செல்களின் மேலிருக்கும் அடையாளப் புரதங்களுக்கு எதிரானதை, மறந்துவிடாதீர்கள். அது ரத்த வகையோடு தொடர்பற்றது. முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, இதற்கு முன் மாற்று அறுவை நடந்திருந்தாலோ, பெண்களாயின் கருவுற்றிருந்தாலோ உருவாகலாம். தம்பிக்கு டயாலிசிஸ் காலத்தில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே உங்கள் இருவருக்கும் இடையே கிராஸ்மேட்ச் பரிசோதனையும் (அவர் ரத்தம் உங்கள் செல்களைத் தாக்குகிறதா என்று பார்ப்பது), உங்கள் எச்.எல்.ஏ. வகைக்கு எதிராக அவரிடம் குறிப்பான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். ரத்த வகைக்கு உள்ளது போன்ற இணக்கத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. இரண்டும் சேர்ந்து பாதகமாக இருந்தால் ஆபத்து பெரிதும் கூடும். அப்போது ஸ்வாப்பைத்தான் முதலில் தேட வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, பரிசோதனை எந்த முறையில் நடந்தது, ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டும் தனித்தனியா, டி.டி.டி. சேர்க்கப்பட்டதா, உங்கள் ஏ உட்பிரிவு என்ன, கிராஸ்மேட்ச் முடிவு என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ரிட்டக்சிமாப் முதல் ஊசி போடுவதற்கு முன்பே இந்த விடைகள் எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும்.